கற்படுக்கைகளைத் தேடி ஒரு நடை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் பயணம் செய்தோர் யானைமலையைக் காணாதிருக்க இயலாது. துதிக்கையை முன்னே நீட்டிப் படுத்திருக்கும் வேழம் போன்றே அது ஒத்தக்கடையருகே கிடக்கின்றது. ஆயினும், அதன் அடிவாரத்தில் கி.பி. 770-இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சனாகிய மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை ஒன்றை அகழ்ந்தான் என்பதையும், பணி முடியுமுன்னரே அவன் மறைந்திட, அவன் தம்பி மாறன் எயினன் அதனை நிறைவு செய்தான் என்பதையும் நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்? நாள்தோறும் கண்ணில் படுவது கருத்தில் படாமலே போய்விடுகின்றது.

2010-ஆம் ஆண்டில் இம்மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டபோது, சுற்றியுள்ள ஊரார் அதனை எதிர்த்தனர். அவ்வேளையில் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் யானைமலையைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். படித்தவர்கள் மலையைக் காண விழைந்தனர். அவர் அழைத்துச் சென்றார். ‘பசுமை நடை’ என்னும் இயக்கம் இவ்வாறே பிறந்தது. விடியற்காலையில் நூற்றுக்கணக்கானோர் குடும்பத்தோடு ஒரு குன்றின் அடியில் கூடுவர். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் கல்வெட்டுகளைப் படித்து விளக்குவர். பின்னர் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பர்.

இந்நடைகள் பெரும்பாலும் ஞாயிறன்றே நிகழ்வதால், பங்குப் பணியில் உள்ள நமக்கு அவற்றில் கலந்துகொள்ளும் வாய்ப்பு அரிது. எனவே, ஒரு சனிக்கிழமை விடியலில் பங்கின் இளைஞர் சிலரோடு கீழக்குயில்குடிச் சமணர் மலைக்கு நாமே நடந்தோம். தாமரைக் குளத்தையும் ஆலமரங்களையும் கடந்து, பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாய் நிற்க, அவற்றின் கீழே வட்டெழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி இதுவெனக் கூறுகின்றது.

அவ்விடத்தில் நாம் சற்று நேரம் பேச்சற்று நின்றோம். யானைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி எனப் பல இடங்களிலும் பெயர் பொறிக்கப்பெற்ற பெருந்துறவி அச்சணந்தி. அனைத்தையும் துறந்த அவரும் ஒரு தாயின் மகனே! மகனை அறத்திற்கு ஈந்த தாயின் பெயரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அப்பாறை காத்து வருகின்றது. வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் வாசற்படியில் நின்ற நம் அன்னையின் முகத்தை நாம் அன்று நினைத்துக்கொண்டோம்.

இதனினும் பழைமை வாய்ந்தது மாங்குளம். 1882-இல் இராபர்ட் சுவெல் கண்டறிந்த அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகளை 1965-இல் ஐராவதம் மகாதேவன் மீண்டும் ஆராய்ந்து, நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரை அவற்றில் படித்தறிந்தார். கணிநந்தாசிரியன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அவை கூறுகின்றன. மன்னனின் அலுவலரோடு வெள்ளறை வணிகரும் அவ்வறத்தில் பங்கு கொண்டுள்ளனர். பள்ளி என்பது அன்று துறவியர் தங்கும் இடம், அவர்தம் கற்படுக்கை. அத்துறவியரிடம் மக்கள் கற்றமையாலேயே கல்விக்கூடம் பள்ளியாயிற்று என அறிஞர் பலர் கருதுவர். இசுலாமியரின் தொழுமிடம் பள்ளிவாசல்; மலையாளத்திலோ நம் கோவிலே பள்ளி. ஒரு சொல்லின் நிழலில் எத்தனை சமயங்கள் இளைப்பாறுகின்றன!

இக்குன்றுகளின் அமைதி எளிதில் கிடைத்ததன்று. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டிற்காக மலைகள் பல அறுக்கப்பட்டன. மாங்குளத்தை அடுத்த அரிட்டாபட்டி, பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் சிவன் குடைவரையும் கொண்ட ஊர். 2022-இல் தமிழ்நாட்டின் முதற் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், 2024 நவம்பரில் அவ்வூரின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம் விடப்பட்டது. 2025 சனவரி 7 அன்று உழவரும் பெண்டிருமாகப் பல்லாயிரவர் மேலூர்ப் பகுதியினின்று மதுரைக்கு நடந்தே வந்தனர். அம்மாதம் 23-ஆம் நாள் நடுவண் அரசு அவ்வேலத்தை நீக்கியது.

கல்வெட்டைக் காணச் சென்ற நடையும், கல்லைக் காக்க வந்த நடையும் வேறு வேறல்ல என்றே நமக்குத் தோன்றுகின்றது. அறியாத ஒன்றை எவரும் நேசிப்பதில்லை. நேசியாத ஒன்றிற்காக எவரும் வெயிலில் நடப்பதுமில்லை. அன்புக்குரிய வாசகர்களே, உங்கள் ஊரின் எல்லையிலும் ஒரு குன்று இருக்கக்கூடும். அடுத்த விடுமுறையில் பிள்ளைகளின் கரம் பற்றி அதன்மேல் ஏறுங்கள். அதன் பெயரையும் கதையையும் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். நாளை அதற்கு ஒரு தீங்கு நேரின், அந்தப் பிள்ளைகள் அதனைத் தம்முடையதென்று கூறுவார்கள்.