‘உங்கப்பன் எந்த ஊரு?’: கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் ஓட்டுரிமையும்

1

கோட்டுச்சேரியில் ‘பிரெஞ்சுக்காரன் காலம்’ என்று பேச்செடுத்தால் சொல்தாக்களின் கதைதான் முதலில் வரும். பென்ஷன், பாஸ்போர்ட், பாரிசில் இருக்கிற பிள்ளை. தோட்டக் கூலியாய்க் கப்பலேறிப் போனவங்களுக்கு அந்தக் கதையாடலில் இடமில்லை. திரும்பி வந்து சொல்ல ஆளில்லாத கதை ‘வரலாறு’ ஆவதில்லை.

1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு வேறு உடம்புகள் தேவைப்பட்டன. சீனர்களைக் கொண்டுபோனார்கள், ஆப்பிரிக்கர்களைக் கொண்டுபோனார்கள். பெருந்தொகையாக அகப்பட்டவர்கள் நம்மவர்கள். 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் குவாதலூப் தீவில் முதல் தொகுதியை இறக்கியது. பிரிட்டிஷ் இந்தியக் குடிகளையும் திரட்டிக்கொள்ளலாம் என்று 1861இல் பிரிட்டனும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொண்டன. புதுச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைகள். காரைக்காலைச் சுற்றித் தஞ்சாவூர் ஜில்லா. எல்லை தாண்ட நடந்தாலே போதும். ஐந்து வருஷ ஒப்பந்தம், திரும்பி வரக் கப்பல் செலவு பிரெஞ்சு நிர்வாகத்தின் தரப்பில் என்று காகிதம் சொன்னது. குவாதலூப்புக்கு 1889 வரை போனவர்கள் சுமார் 42,000 பேர். திரும்பியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. செத்தவங்க போக மிச்சப்பேர் அங்கேயே தங்கிப் பிள்ளை பெற்றார்கள்.

2

அந்தப் பிள்ளைகள் யார்? பிரெஞ்சு மண்ணில் பிறந்தவர்கள், பிரெஞ்சுப் பிரஜைகள் அல்ல. அப்பன் ‘அந்நியன்’, ஆகவே மகனும் அந்நியன். ஒப்பந்தம் முடிந்துபோனாலும் அதன் நிழல் அடுத்த தலைமுறை மேல் விழுகிறது. இதுதான் அதிகாரத்தின் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்தை எதிர்த்து நின்றவர் ஆன்றி சிதம்பரம். கப்பெஸ்த்தேர் என்ற ஊரில் 1863இல், கூலியாய் வந்த இந்தியர்களின் பிள்ளையாய்ப் பிறந்தவர். 1904இல் இந்தியர்களின் பிள்ளைகள் வாக்காளர் பட்டியலில் ஏறியதைத் தீவின் கவர்னரே ஆட்சேபித்தார். சிதம்பரம் கோர்ட்டுக்குப் போனார். 1889ஆம் வருஷத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டம் பிரெஞ்சு மண்ணில் பிறந்த அந்நியர் பிள்ளைகளுக்கு வழி திறந்துவிட்டிருந்தது. அது எங்களுக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும் என்பதே வழக்கு. மனு, மேல்மனு என்று இழுத்து 1923இல்தான் முடிந்தது. பிரான்சின் பிரதமர் புவாங்காரே அரசு அந்தப் பிள்ளைகளின் குடியுரிமையையும் ஓட்டுரிமையையும் ஏற்றுக்கொண்டது. பத்தொன்பது வருஷம்.

இதை ஒரு ‘தலைவரின் சாதனை’யாக மட்டும் எழுதிவிட்டால் முக்கியமான ஒன்று நழுவிவிடும். கைநாட்டு வைத்து வந்த தலைமுறைக்காக, படிக்கத் தெரிந்த பிள்ளை சட்டம் பேசியது. பிள்ளைகள் தங்களை ஒரு கூட்டமாக உணர்வதற்கான பொருளைத் தந்தவர்கள் பெரியவர்கள். மாரியம்மன் அங்கே ‘மாலியேமின்’ ஆனாள். நாகூர் ஆண்டவர் ‘நாகூமிலா’ ஆகி, அவருக்கு இன்னும் கொடிமரம் ஏறுகிறது. கூத்து ‘நாத்ரோன்’ ஆனது. அதை நடத்துகிற வாத்தியார் ‘வத்தியாலு’. பாஷை போன பிறகும் இவையெல்லாம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போயின. மனுவையும் கொடிமரத்தையும் ‘அரசியல்’, ‘பண்பாடு’ என்று நாம்தான் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறோம்.

3

இன்னொரு முரணையும் கவனிக்க வேண்டும். காரைக்காலிலேயே தங்கிவிட்ட ஆண்களுக்கு 1871லிருந்தே பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கு ஓட்டு இருந்தது. சண்முக வேலாயுத முதலியார் போன்றவர்களின் சாதிச் செல்வாக்கில் அந்த ஓட்டு சிக்கியது வேறு விஷயம். ஊரில் கிடந்தவனுக்குக் கிடைத்த ஓட்டு, கடல் கடந்து உழைத்தவனின் பிள்ளைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் மறுக்கப்பட்டது. மறுத்தது அதே குடியரசு.

சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த சமையல்காரர் வோங் கிம் ஆர்க், சீனா போய் 1895இல் திரும்பியபோது ‘நீ சீனன்’ என்று உள்ளே விட மறுத்தார்கள். அவருக்கு வக்கீல் வைத்தது சீனப் பெரியவர்களின் சங்கம். பிறந்த மண்ணின் குடிமகன்தான் என்று 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிதம்பரத்தின் வழக்கில் மகன் அப்பன்மாருக்காகப் பேசினான். இங்கே அப்பன்மார் மகனுக்காகப் பேசினார்கள்.

இலங்கையில் நேர்மாறாக நடந்தது. அங்கே பிறந்திருந்தால் போதாது, அப்பன் அங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தார்களா என்று 1948ஆம் வருஷச் சட்டம் காகிதம் கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது காகிதம்? பல லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

4

‘உங்கப்பன் எந்த ஊரு?’ என்று எல்லா அரசுகளும் உழைக்கிறவனைப் பார்த்துத்தான் கேட்கின்றன. முதலாளியிடம் கேட்பதில்லை. நம் நாட்டிலும் இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை.

குவாதலூப், ரெயூனியன் தீவுகளின் பேரப்பிள்ளைகள் இப்போது அதே கேள்வியைத் தங்களுக்காகவே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கையில் ஒரு கப்பல் பெயர், சிதைந்த எழுத்தில் ஒரு தமிழ்ப் பெயர். ‘முத்துசாமி’ என்ற பெயரோடு குவாதலூப்பிலிருந்து ஒருவர் 1981லிருந்து 2002 வரை பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் இருந்தார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவங்க பெயரை அவங்க காப்பாத்தி வச்சிருக்காங்க. அனுப்பிவைத்த கரையில் இருக்கும் நாம் என்ன வைத்திருக்கிறோம்? பிறப்பு இறப்புப் பதிவேடுகளும், ஒவ்வொரு குடும்பத்திலும் ‘ஒருத்தர் கப்பல்ல போயிட்டாரு’ என்று பாதியில் நின்றுபோகும் பேச்சும்தான். அந்தப் பேச்சை, சொல்ல ஆளிருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது நம் வேலை.