மாஸ்கோவில் காலி அறையில் சொன்ன சேதி

ஈ.கோலை என்று ஒரு பாக்டீரியா. மனிதக் குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. ஒரே ஒரு செல் தான். நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். நீந்துவதற்கான வால், சவ்வில் உள்ள வாயில்கள், உடம்பை நடுவில் இறுக்கிப் பிரிக்கும் வளையம் எல்லாமே புரதம். அதைச் செய்யும் குறிப்பு டி.என்.ஏ.வில் இருப்பது 1950களிலேயே தெரியும். ஆனால் அதில் இருப்பது நான்கே எழுத்து. புரதத்திலோ 20 அமினோ அமிலங்கள். நான்கை வைத்துக்கொண்டு செல் எப்படி இருபதைப் படிக்கிறது?

பெரிய மூளைகள் எல்லாம் இதில் மண்டையை உடைத்துக்கொண்டன. இயற்பியலாளர் ஜார்ஜ் கேமாவ் 1954ல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார். 20 அமினோ அமிலத்துக்கு 20 உறுப்பினர்கள், ஆளுக்கொரு டை வேறு! காகிதத்தில் கணக்குப் போட்டே விடையைப் பிடித்துவிடலாம் என்று பார்த்தார்கள். கணக்குகள் அழகாகத் தான் இருந்தன. செல் அப்படி நடக்கவில்லை.

விடை வந்தது அந்தச் சங்கத்தில் இல்லாத மார்ஷல் நிரன்பெர்க்கிடமிருந்து. அமெரிக்காவில் பெதஸ்டா தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை, அதிகம் பேர் அறியாத ஆள். கூட இருந்தவர் ஜெர்மனியிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தாய். இருவரும் ஈ.கோலையை அலுமினாத் தூளோடு சேர்த்து அரைத்துச் சாறெடுத்தார்கள். செல் செத்துப்போனது, ஆனால் புரதம் கோர்க்கும் ரைபோசோம்கள் சாற்றில் வேலை செய்துகொண்டே இருந்தன. இது தான் இந்தக் கதையின் ஆச்சரியம். பேரேட்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு நகலை மட்டும் பட்டறைக்கு அனுப்புவது போல, டி.என்.ஏ.வின் நகலாக ஆர்.என்.ஏ. தான் ரைபோசோமுக்குப் போகிறது. அப்படியானால் பொய் நகல் ஒன்றைக் கொடுத்தால்?

கொடுத்தார்கள். யு என்ற ஒரே எழுத்து வரிசையாக வரும் செயற்கை ஆர்.என்.ஏ. 1961 மே 27 விடிகாலையில் மத்தாய் தனியாக இருந்து சோதனையை முடித்தார். நிரன்பெர்க் அப்போது பெர்க்லியில். ஃபினைல் அலனின் என்ற ஒரே அமினோ அமிலத்தைக் கோர்த்த சங்கிலி கிடைத்தது. முதல் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது!

ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரன்பெர்க் இதைச் சொன்னபோது அறையில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத் தான் ஆட்கள். அதில் இருந்த மேத்யூ மெசல்சன் பிரான்சிஸ் கிரிக்கிடம் ஓடிப்போய்ச் சொல்ல, கிரிக் பெரிய அரங்கில் மறுபடி பேச ஏற்பாடு செய்தார். கேமாவின் சங்கத்தில் கிரிக்கும் ஒருவர் என்பது வேடிக்கை.

அதன் பிறகு நியூயார்க்கில் நோபல் பரிசு பெற்ற செவெரோ ஒச்சோவாவின் பெரிய குழுவும் போட்டியில் குதித்தது. நிரன்பெர்க்கின் சக ஊழியர்கள் தங்கள் ஆராய்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டு அவருக்குக் கைகொடுத்தார்கள். 1966க்குள் 64 சொற்களும் தெரிந்துவிட்டன. 61 அமினோ அமிலங்களுக்கு, மூன்று முற்றுப்புள்ளி.

1968ல் நோபல் பரிசு நிரன்பெர்க், ராபர்ட் ஹாலி, பிரிக்கப்படாத பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா மூவருக்கும். அன்று விடிய விடிய விழித்திருந்த மத்தாயின் பெயர் பட்டியலில் இல்லை.