எரிந்த அறையும் கலைந்த பனியும்

1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் கபுசீன் பெருவீதியில் தொடங்கிய கண்காட்சியில், மோனேயின் ஓவியங்களும் தெகாவின் ஓவியங்களும் ஒரே கூரையின் கீழ் தொங்கின. இம்ப்ரெஷனிசம் என்ற பெயர் மோனேயின் துறைமுகக் காட்சி ஒன்றின் தலைப்பிலிருந்து பிறந்தது. அந்தப் பெயரைக் கடைசிவரை ஏற்க மறுத்தவர் தெகா. ஆனால் 1886 வரை நடந்த எட்டுக் கண்காட்சிகளில் பெயர் தந்தவர் ஐந்தில்தான் பங்கேற்றார். பெயரை மறுத்தவரோ ஏழில். இந்த முரணே இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தூண்டுகிறது.

வேறுபாடுகள் முதல் பார்வையிலேயே தெரிகின்றன. மோனே பயின்றது நார்மண்டிக் கடற்கரையின் திறந்தவெளியில். தெகா பயின்றது லூவரில், பழைய மேதைகளை நகலெடுத்து. மோனேயின் வெளிச்சம் மேகத்தைக் கடந்து மேலிருந்து இறங்குகிறது. தெகாவின் வெளிச்சம் பல படங்களில் மேடை விளிம்பு விளக்குகளிலிருந்து கீழிருந்து எழுகிறது. மோனே கோட்டைக் கரைக்கிறார். தெகா கோட்டைக் கைவிடுவதே இல்லை. நிழலிலிருந்து கறுப்பை விலக்கி நீலத்தையும் ஊதாவையும் குடியேற்றுகிறார் மோனே. நடனப் பெண்ணின் கழுத்தில் ஒரு கறுப்பு நாடாவைக் கட்டி, அந்தக் கறுப்பைக் கொண்டே கண்ணை நிறுத்துகிறார் தெகா.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். மோனே 1870இல் வரைந்த ‘த்ரூவில் கடற்கரை’ லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வண்ணப் பூச்சுக்குள் மணல் துகள்கள் புதைந்திருக்கின்றன. அன்று வீசிய கடற்காற்று கொண்டுவந்து சேர்த்தவை. தெகாவின் பேஸ்டல் படங்களை இப்படி நெருங்கினால் கண்ணில் படுவது காகித ஒட்டு. உருவத்துக்கு இடம் போதாதபோது ஓரத்தில் இன்னொரு துண்டை ஒட்டி, வரைவதைத் தொடர்வார். ஒன்றில் இடம் படத்துக்குள் வந்து புகுகிறது. மற்றதில் படமே தனக்கான இடத்தை வளர்த்துக்கொள்கிறது.

கைவினையில் மட்டும் எதிர்பாராத ஓர் உறவு தென்படுகிறது. மோனே வண்ணங்களைத் தட்டில் குழைத்து மழுப்பாமல் சிறு சிறு தீற்றல்களாக அடுத்தடுத்து வைக்கிறார். எட்ட நின்று பார்க்கும்போது அவை நம் கண்ணில் கலக்கின்றன. தெகா பேஸ்டல் கோடுகளை அடுக்கடுக்காக இழுத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒட்டுநீரால் நிலைப்படுத்தி, அதன்மேல் வேறு வண்ணத்தை ஓட்டுகிறார். அடியிலுள்ள நிறம் மேலுள்ள கோடுகளின் இடைவெளியில் மினுங்குகிறது. கோட்டைக் கரைத்தவரும் கோட்டில் ஊன்றியவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: கலக்காமல் அருகருகே வைத்த நிறம். காட்சியைச் சட்டகத்தால் வெட்டும் துணிச்சலையும் இருவரும் ஜப்பானிய மர அச்சுப் படங்களில் கண்டார்கள். தெகாவின் நடனப் பெண்கள் ஓரத்தில் பாதி உடலோடு நிற்கிறார்கள். மோனேயின் ரூவான் தேவாலயம் கோபுர உச்சியை இழந்து நிற்கிறது.

ஆனால் ஆழமான உறவு கணம் என்பதைப் பற்றியது. லெ பெல்திய தெருவிலிருந்த பழைய ஓபரா அரங்கு 1873 அக்டோபரில் எரிந்துபோனது. அந்த அரங்கின் பயிற்சி அறையைத்தான் 1874இல் தெகா ‘நடன வகுப்பு’ ஓவியத்தில் காட்டினார். ஏறத்தாழ 24 பெண்கள் கூடியிருக்கும் அந்த அறை அப்போது சாம்பலாகிவிட்டிருந்தது. நேரில் கண்டது போன்ற அந்தக் காட்சி முழுக்க நினைவிலிருந்தும் குறிப்போவியங்களிலிருந்தும் கட்டப்பட்டது.

தெகாவிடம் இது வியப்பில்லை, திறந்தவெளியில் பயின்ற மோனேயிடம் இதே பழக்கம் வியப்பு. தேம்ஸ் நதிப் பனிமூட்டத்தை வரைய 1899 முதல் 1901 வரை அவர் மூன்று முறை லண்டன் சென்றார். நொடிக்கு நொடி மாறிய வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்கக் கான்வாஸை மாற்றி மாற்றி எடுத்தார். ஆனால் 1904இல் பாரிஸின் துரான்-ருயெல் ஓவியக் கூடத்தில் தொங்கிய 37 லண்டன் படங்கள் பெரும்பாலும் அவருடைய ஜிவெர்னி வீட்டில் திருத்தித் திருத்தி நிறைவடைந்தவை. பனி என்றோ கலைந்துவிட்டது. நதியும் அருகில் இல்லை. ஒருவர் எரிந்த அறைக்குள் நடனத்தைத் தொடரவிட்டார்; மற்றவர் கலைந்த பனிக்குள் சூரியனை மறுபடி ஏற்றினார்.

திரும்பத் திரும்ப வரைவதும் இருவருக்கும் பொதுவே. மோனே ரூவான் தேவாலயத்தை முப்பதுக்கும் மேற்பட்ட கான்வாஸ்களில் வரைந்தார். தெகா ஒரே உடல் தோரணையை ஊடுகாகிதத்தில் படியெடுத்து, சில வேளை இடவலம் மாற்றி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார். முதலாமவரிடம் பொருள் நிற்கிறது, வெளிச்சம் நகர்கிறது. இரண்டாமவரிடம் உடல் நிற்கிறது, அதைச் சூழ்ந்த எல்லாம் நகர்கின்றன. கணத்தைப் பிடித்தவர்கள் என்று நாம் புகழும் இருவரும், உண்மையில் கணத்தைப் பொறுமையாகக் கட்டியவர்கள்.

முதுமையில் இருவர் கண்களும் மங்கின. தெகா மெழுகை எடுத்து, விரல்களால் தடவித் தடவி நடன உடல்களைச் செய்தார். கண்புரை முற்றிய மோனே, வண்ணக் குழாய்களின் மேலுள்ள பெயரையும் தட்டில் அவற்றுக்குப் பழகிய வரிசையையும் நம்பி வரைந்தார். கோட்டின் மனிதர் தொடுகையில் கோட்டைத் தேடினார். வண்ணத்தின் மனிதர் வண்ணத்தை அதன் பெயரால் அடையாளம் கண்டார். வேறுபாடு கடைசிவரை மாறவில்லை. ஆனால் பார்வை மங்கிய பின்னும் வேலை உடனே நிற்கவில்லை. இருவரும் நெடுநாளாகப் பார்த்ததைவிட நினைவில் வைத்ததைக் கொண்டே படம் செய்துவந்தவர்கள் அல்லவா?