கடலின் ஆழத்தைக் காகிதத்தில் வரைவது எப்படி?

கணக்குப் பாடத்தில் இரண்டு மாறிகள் கொண்ட சார்புகள் வந்ததும் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. எக்ஸ், ஒய் இரண்டும் ஓர் இடத்தைச் சொல்லும். இசட் அந்த இடத்தின் உயரத்தைச் சொல்லும். சரி, இதைத் தட்டையான காகிதத்தில் எப்படி வரைவது? அதே சமயம் நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த புத்தகங்கள் கடல்களின் வரலாறு பற்றியவை. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? எனக்கும் முதலில் தெரியவில்லை. படிக்கப் படிக்கத்தான் இரண்டிலும் ஒரே சிக்கல் இருப்பது புரிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அட்லாண்டிக்கின் அகலம் சுமார் 5,000 கிலோமீட்டர், ஆழம் 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலமுள்ள காகிதத்தில் அதன் குறுக்குவெட்டை அப்படியே வரைந்தால் ஆழம் எவ்வளவு வரும்? 0.8 மில்லிமீட்டர்! ஒரு பென்சில் கோட்டின் தடிமன். மலை, பள்ளம் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ளேயே காணாமல் போய்விடும். அதனால் வரைபவர்கள் செங்குத்து அளவை மட்டும் பல மடங்கு பெரிதாக்குகிறார்கள். கடலடியைப் பார்க்க வேண்டுமென்றால் மிகைப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

அப்படி வரைந்தே ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவர் மேரி தார்ப். 1948-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதி இல்லை. புரூஸ் ஹீசன் போன்ற சக ஆய்வாளர்கள் கடலுக்குப் போய் எதிரொலிக் கருவியால் ஆழம் அளந்து வருவார்கள். (ஒலி கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். எதிரொலி 4 நொடியில் திரும்பினால் ஆழம் 3,000 மீட்டர்.) அந்த எண்களைத் தார்ப் மேசையில் உட்கார்ந்து படமாக்கினார்.

1952-ல் வட அட்லாண்டிக்கின் ஆறு குறுக்குவெட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தார். கடல் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு! கண்டங்கள் நகர்கின்றன என்ற வாதத்துக்கு வலுவான அடையாளம் அது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரும்பாலான நிலவியலாளர்கள் அதை நம்பத் தயாராக இல்லை. ஹீசனும் 'பெண்கள் பேச்சு' என்று ஒதுக்கிவிட்டார். பிறகு நிலநடுக்கங்கள் நடந்த இடங்களை அதே அளவுத்திட்டத்தில் குறித்து இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது, புள்ளிகள் அந்தப் பள்ளத்தாக்கின் வழியாகவே போயின. அதன் பிறகுதான் ஹீசனும் ஒப்புக்கொண்டார். வட அட்லாண்டிக் படம் 1957-ல் வெளிவந்தது.

அந்தப் படத்தில் கப்பல் போன தடங்களில் மட்டுமே எண்கள் இருந்தன. தடங்களுக்கு நடுவே இருந்த பெரிய பெரிய இடைவெளிகளை நிலவியல் அறிவை வைத்துத் தார்ப்தான் நிரப்பினார்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபெர்னான் பிரோதெல் 1940-ல் ஜெர்மானியர்களிடம் போர்க்கைதியானார். மத்தியதரைக் கடல் பற்றிய தன் பெரிய புத்தகத்தின் பெரும்பகுதியைக் கைதி முகாமில், நினைவிலிருந்தே எழுதினார். அது 1949-ல் வெளிவந்தது. அதில் காலத்தை மூன்று அடுக்குகளாக வெட்டினார். அடியில் மலை, கடல், பருவம் என்று மிக மெதுவாக மாறுபவை. நடுவில் வணிகம், சமூகம், பேரரசுகள். மேலே போர்களும் அரசர்களும். 1571-ல் நடந்த லெபாந்தோ கடற்போர் மூன்றாம் பகுதியில்தான் வருகிறது.

தார்ப் ஆழத்தை இழுத்துப் பெரிதாக்கினார், பிரோதெல் காலத்தை இழுத்துப் பெரிதாக்கினார் என்பேன் நான். அதனால்தான் குளிர்காலத்தில் கப்பல் போக்குவரத்து அடங்குவதும், மலைக்கும் சமவெளிக்கும் இடையே மந்தைகள் போய்வருவதும் வரலாறாகக் கண்ணில் பட்டன. ஆனால் அதே இழுப்பில் தனிமனிதர்கள் புள்ளியாகிப் போனார்கள்.

பிரோதெலின் வழியில் இந்தியப் பெருங்கடலை எழுதியவர் கே.என். சௌதுரி. 1990-ல் வந்த தன் 'ஐரோப்பாவுக்கு முந்தைய ஆசியா' புத்தகத்தில் நம் கணக்குப் பாடத்தில் வருகிற கணக் கோட்பாட்டையே பயன்படுத்தினார்! எவை ஒரே கணத்தில் சேரும், எவை சேராது என்று எல்லை வகுத்தார். அதில் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகங்கள் வெளியே போய்விட்டன. அவற்றின் வரலாற்றுக்குத் தனி தர்க்கம் இருக்கிறது என்பது அவர் வாதம்.

ஆனால் 1331-ல் இபன் பதூதா கப்பலேறிப் போய் இறங்கிய கில்வா எங்கே இருக்கிறது? இன்றைய தான்சானியாவின் கரையில். தெற்கே சோஃபாலாவிலிருந்து வந்த தங்கம் அந்தத் துறைமுகம் வழியாகத்தான் கடல் வணிகத்துக்குள் போனது. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் சௌதுரியை இதற்காக விமர்சித்தார்கள். ஒரு கரையின் மக்களையே படத்துக்கு வெளியே விடுவது சின்ன விஷயமா என்ன?

இதனால் சௌதுரியின் புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லை போடாமல் யாராலும் எழுத முடியாது, பெரிதாக்காமல் யாராலும் கடலடியை வரைய முடியாது. ஆனால் தார்ப்பின் படத்தைச் சரிபார்க்க வேறு வழியில் சேர்த்த நிலநடுக்கப் புள்ளிகள் இருந்தன. சௌதுரியின் படத்தின் மேல் கில்வாவை வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. வரலாற்றிலும் இந்தச் சோதனை செய்யலாம் என்றுதான் தோன்றுகிறது: ஒருவர் வரைந்த கடலின் மேல் இன்னொரு கரையிலிருந்து வந்த சான்றுகளை வைத்துப் பார்ப்பது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வரலாறு படிக்கும் நண்பர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள்.

பி.கு: 2024 கணக்குப்படி, கருவி வைத்து நேரடியாக அளந்து வரைந்தது உலகக் கடலடியில் சுமார் 26 சதவீதம்தான். இணைய வரைபடங்களில் நாம் பார்க்கும் மீதிக் கடலடி பெரும்பாலும் செயற்கைக்கோள் தரவை வைத்து மதிப்பிட்டது. இடைவெளியை நிரப்பும் வேலை இன்னும் முடியவில்லை!