ரோபோ சத்திரசிகிச்சையில் தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு?

கொஸ்லந்தையில் ரோபோ சத்திரசிகிச்சை கிடையாது. பெரிய ஒப்பரேசன் என்றால் பதுளைக்கோ கொழும்புக்கோதான் போக வேண்டும். ஆனாலும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கும், பிறகு யுத்தத்தால் அங்கிருந்து தமிழகத்துக்கும் போன உறவுகள் இங்கு பலருக்கு உண்டு. சென்னை ஓமந்தூரார் அரச மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ மூலம் சத்திரசிகிச்சை நடக்கிறது.

முதலில் ஒன்று. இன்று பரவலாக உள்ள ரோபோ தானாக வெட்டுவதில்லை. வைத்தியர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கைப்பிடிகளால் அதை இயக்குகிறார். ஆகவே சட்டம் இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதர்களையே தேடும்.

இங்கிலாந்தின் நியூகாசிலில் 2015இல் ரோபோவால் இதய வால்வு சத்திரசிகிச்சை செய்யப்பட்ட ஒருவர் இறந்தார். வழமையான முறையில் செய்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று 2018இல் மரண விசாரணை முடிவு சொன்னது. வைத்தியருக்கு இயந்திரத்தில் போதிய பயிற்சி இருக்கவில்லை. உதவிக்கு வந்த நிபுணர்களும் இடையில் போய்விட்டார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில உயர் நீதிமன்றமோ, இயந்திரத்தின் ஆபத்துகளை உற்பத்தி நிறுவனம் வைத்தியருக்கு மட்டுமல்ல, அதை வாங்கும் மருத்துவமனைக்கும் எச்சரிக்க வேண்டும் என்று 2017இல் தீர்ப்பளித்தது. வைத்தியர், மருத்துவமனை, நிறுவனம் ஆகிய மூவரில் யார் என்பதே வழக்கு.

இலங்கையில் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே உரோம-டச்சுச் சட்டப்படி அலட்சியத்தையும், பாதிப்புக்கு அதுவே காரணம் என்பதையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். பேராசிரியர் பிரியானி சொய்சா வழக்கில், மூளைக்கட்டியால் இறந்த சிறுமிக்காக மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாக்கியது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் தள்ளியது. மரணத்துக்கு அலட்சியமே காரணம் என்பது நிரூபணமாகவில்லையாம். அந்தத் தகப்பன் ஒரு சட்டத்தரணி! கொழுந்து பறிக்கிறவரின் நிலையை நீங்களே யோசியுங்கள்.

காலமும் குறைவு. நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அரச வைத்தியசாலை என்றால் சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தலும் அனுப்ப வேண்டும். இந்தியாவில் 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கும் 2 ஆண்டுகள்தான். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்கள் இதற்குள் வராது.

யுத்தகாலத்தில் ஒரு துண்டுச்சீட்டும் இல்லாமல் ஒப்பரேசன் செய்துகொண்டவர்கள் எம்மில் நிறையப் பேர். அந்தப் பழக்கத்தை விடவேண்டும். ரோபோ என்றால் அந்த வைத்தியர் இதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று கையெழுத்திடும் முன் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் உங்கள் பதிவேட்டை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த உரிமை பிரசைகளுக்கு மட்டுமே. தமிழக முகாம்களிலிருந்து திரும்பியும் பிரசாவுரிமைப் பத்திரம் எடுக்காதவர்கள் அதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.