தொட்டு ஆடும் ஆட்டம்: இந்தியப் பெண்கள் ரக்பியும் நம் தொழிற்பேட்டையும்

ரக்பி என்றதும் அது வெள்ளைக்காரர் விளையாட்டு, நமக்கு என்ன தொடர்பு என்றுதான் தோன்றும். ஆனால் இந்தியப் பெண்கள் ரக்பியின் வரலாறு ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் இருக்கும் நாம் அவசியம் படிக்க வேண்டிய வரலாறு. ராஞ்சி, ஹசாரிபாக் வட்டாரங்களைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர் ஐபோன் ஆலைக்காகப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பெருமையோடு அறிவித்தார். அந்தப் பெண்களும் இந்திய ரக்பி அணிக்கு ஆட்டக்காரர்களைத் தந்த மக்களும் தூரத்து உறவுக்காரர்கள். ஒரு பகுதி மக்களை ஆலை அழைத்தது. இன்னொரு பகுதிக்குத் திடல் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் வெள்ளையர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கிளப் தொடங்கினார்கள். போலோவும் டென்னிசும் பெருகியதும் ஆர்வம் வற்றி, 1878இல் கிளப்பைக் கலைத்தார்கள். வங்கியில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட கோப்பை செய்து இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றுவரை மோதிக்கொள்ளும் 'கல்கத்தா கோப்பை' அதுதான். வெள்ளி நம்முடையது, பெயர் நம்முடையது, ஆட்டம் மட்டும் அவர்களுடையது. அதன் பிறகும் நீண்ட காலம் இங்கே ரக்பி கிளப்புகளையும் ராணுவத்தையும் சுற்றியே கிடந்தது.

மேலைநாட்டிலும் பெண்களுக்கு இந்த ஆட்டம் இலகுவாகக் கிடைக்கவில்லை. 1991இல் வேல்ஸில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை லண்டன் ரிச்மண்ட் கிளப்பைச் சேர்ந்த நான்கு பெண்கள் முன்னின்று நடத்தினார்கள். 12 அணிகள் வந்தன. இறுதியில் இங்கிலாந்தை 19-6 என்று அமெரிக்கா வென்றது. சர்வதேச ரக்பி வாரியம் அந்தப் போட்டிக்கு அங்கீகாரம் தரவில்லை. அனுமதி வரும்வரை அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்வோம்.

இந்தியப் பெண்கள் 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில், அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' ரக்பியில் களமிறங்கினார்கள். 15 பேர் ஆடும் முழு ஆட்டத்தில் இந்தியாவுக்கு ஒரு பெண்கள் அணி வர 2018 ஆயிற்று. சிங்கப்பூரில் நடந்த அந்த முதல் போட்டித் தொடரில் தோற்றார்கள். அடுத்த ஆண்டு, 2019 ஜூனில், பிலிப்பைன்ஸில் அதே சிங்கப்பூர் அணியை 21-19 என்று வென்றார்கள். முழு ஆட்டத்தில் இந்தியப் பெண்களின் முதல் வெற்றி அது. இறுதிக் கட்டத்தில் பெனால்டி உதையை அடித்து வெற்றியைத் தந்தவர் சுமித்ரா நாயக்.

சுமித்ரா ஒடிசாவின் ஜாஜ்பூர் மாவட்டத்துப் பெண். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தின் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர். 2007இல் அந்தப் பள்ளிச் சிறுவர்கள் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்டோர் ரக்பிப் போட்டியை வென்று திரும்பினார்கள். வடவங்கத்தில் சரஸ்வதிபூர் தேயிலைத் தோட்டம் இன்னொரு ஊற்று. கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் கிளப் அங்கே பயிற்சி தொடங்கிய சில ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் இந்திய அணிக்குள் வந்தார்கள். சோட்டாநாக்பூரிலிருந்து பிரிட்டிஷார் கூலிகளாகக் கொண்டுசென்ற ஆதிவாசிகளின் வழிவந்தவர்கள்தான் அந்தத் தோட்டங்களில் பெரும்பாலோர். அதே சோட்டாநாக்பூரிலிருந்துதான் இன்று ஓசூருக்கு ரயில் ஏறுகிறார்கள்.

இவர்களால் இது எப்படி முடிந்தது? 'பழங்குடிகளுக்கு இயல்பிலேயே உடல் வலு' என்று ஊடகங்கள் எழுதும். அந்தப் பாராட்டுக்குள் 'நீ உடம்பு, நாங்கள் மூளை' என்ற பழைய சாதிக் கணக்கு ஒளிந்திருக்கிறது. உண்மைக் காரணங்கள் எளியவை: ஒரு திடல், ஒரு பந்து, ஒரு பயிற்சியாளர், இரண்டு வேளைச் சோறு, வேலையிலிருந்து விடுபட்ட சில மணி நேரம். மட்டை, காலுறை, தலைக்கவசம் என்று செலவு வைக்கும் விளையாட்டு அல்ல இது.

இன்னொன்றும் உண்டு. தலித் பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். அதற்கு முன்பு பூனாவில் அவர் வீசிய பந்தைத் தொட்ட சக ஆட்டக்காரர்கள், தேநீர் வேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். ரக்பியில் 'ஸ்க்ரம்' என்று ஒன்று இருக்கிறது. எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, தலை குனிந்து, எதிரணி எட்டுப் பேரோடு முட்டித் தள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவளின் வியர்வை படாமல் அங்கே நிற்கவே முடியாது. தீண்டாமையோடு ரக்பி ஆட முடியாது, தோழர்களே. ஆனால் திடலை விட்டு வெளியே வந்ததும் சாதி காத்திருக்கிறது. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்துவார் அருகே வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி வசைபாடியதை நாம் மறக்கவில்லை.

வெற்றிக் கதையின் விலையையும் கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆதிவாசிப் பிள்ளைகளை ஊரையும் மொழியையும் விட்டுப் பிரித்து ஒரே வளாகத்தில் வளர்ப்பதை ஆதிவாசி அமைப்புகளும் ஆய்வாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்புக்குப் பின் 2020இல் சர்வதேச மானுடவியலாளர் ஒன்றியம், கலிங்கா நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தவிருந்த உலக மாநாட்டிலிருந்து விலகியது. சுமித்ராவின் உதை பொய்யாகிவிடாது. ஆனால் பந்தைத் தொட ஒரு சிறுமி தன் ஊரை இழக்க வேண்டும் என்றால், அதற்குப் பெயர் உரிமை அல்ல. சரஸ்வதிபூரில் திடல் பெண்களைத் தேடிப் போனது. நமக்கு வேண்டிய வழி அது.

நம் பகுதிக்கு வருவோம். சிப்காட்டில் ஆலைக்கு நிலம் உண்டு, சாலை உண்டு, லாரி நிறுத்த இடம் உண்டு. ஷிப்ட் முடித்து விடுதிக்குத் திரும்பும் பெண் ஓடியாட இடம் எங்கே? ஆதிதிராவிடர் நல விடுதி மாணவிக்குப் பயிற்சியாளர் யார்? ஊர்த் திடலில் சேரிப் பெண் பந்தோடு இறங்கினால் என்ன நடக்கும்? கூலி, வேலைநேரம், விடுதிச் சாப்பாடு ஆகிய கோரிக்கைகளோடு திடலையும் சேர்த்து எழுதுவோம். நம் பிள்ளைகளும் ஜார்க்கண்ட், ஒடிசா பெண்களும் ஒரே அணியில் தோள் கோக்கும் நாள் வந்தால், சங்கம் கட்டும் வேலையில் பாதி அந்தத் திடலிலேயே முடிந்திருக்கும்.