கஞ்சித்தொட்டியும் கடல் கடந்த வைத்தியமும்

டோல்கேட்டில் சுங்கம் வசூலித்த காலம் போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. இன்று அங்கே மெட்ரோ ரயில் ஏறினால், ஆயிரம் விளக்கு வழியாக மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கே போய்விடலாம். அந்த விமான நிலையத்தில் வங்காளதேசத்திலிருந்தும் ஆப்பிரிக்க, அரபு நாடுகளிலிருந்தும் நோயாளிகள் வந்து இறங்குகிறார்கள். சென்னையில் வைத்தியச் செலவு குறைவு என்பது அவர்கள் கணக்கு.

காலம் எப்படித் திரும்பிவிட்டது, பாருங்கள்! 1968-ல் அண்ணா அறுவைச் சிகிச்சைக்காக நியூயார்க் போனார். 1984-ல் எம்.ஜி.ஆரை, முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்த அப்போலோவிலிருந்து புரூக்ளினுக்குக் கொண்டுபோனார்கள். அன்று கடல் கடந்தது இங்கே கிடைக்காததைத் தேடி. இன்று கடல் கடந்து வருவது மலிவைத் தேடி.

ஆனால் மலிவு என்பது மடியிலுள்ள பணத்தைப் பொறுத்ததல்லவா? டாக்காக்காரருக்கு மலிவான கட்டணம், டோல்கேட்டில் மூட்டை தூக்குகிறவருக்கு மலை. அவர் ஆயிரம் விளக்கு வரை போவதில்லை. வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஸ்டான்லிக்கு நடக்கிறார்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் பழைய மனிதர்கள் வைத்த பெயர் கஞ்சித்தொட்டி. 1782-ம் ஆண்டுப் பஞ்சத்தில், பசியோடு பட்டணம் வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் வேர். 1799-ல் அதையொட்டி வைத்தியமும் தொடங்கியது. 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி வந்தது. வந்தவரிடம் கையில் என்ன இருக்கிறது என்று கேட்காமல், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்பதற்காக எழுந்த இடம் அது.

வெளிநாட்டார் வரட்டும், நமக்குப் பெருமைதான். அந்தப் பெருமை நிலைப்பது, கஞ்சித்தொட்டி வாசலில் வரிசையில் நிற்கிறவர் தேறி வீடு திரும்புவதில் இருக்கிறது.